மே மாதத்தில் காட்டப்படும் வீடு

ஒரகடம் பகுதியில் வசிக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய வீடு ஒரு பள்ளியின் விளையாட்டு மைதானத்தை ஒட்டியுள்ளது. பிள்ளைகளின் மேற்படிப்புக்காக அதை விற்க நினைக்கிறார். மாலையில் வந்து பார்ப்பவர்கள் கூச்சலைக் கேட்டுவிட்டு விலையைக் குறைக்கிறார்கள். தரகர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: "மே மாதம் வரை பொறுங்கள், பாய். பள்ளி விடுமுறை. அப்போது ஆட்களை அழைத்து வருகிறேன். ஒரு சத்தமும் இராது." இதில் பொய் எதுவும் இல்லையே, இது கூடுமா என்பதே அவருடைய கேள்வி.

இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. வயல்கள் மனைகளாயின, வேலை தேடி வந்த குடும்பங்களோடு பள்ளிகளும் வந்தன. 2004ஆம் ஆண்டு கும்பகோணம் பள்ளித் தீ விபத்துக்குப் பின் சிட்டிபாபு குழுவின் பரிந்துரைப்படி தனியார் பள்ளிகளுக்கு நில அளவு வரையறுக்கப்பட்டது. மாநகராட்சியில் 6 கிரவுண்டு போதும். கிராம ஊராட்சியில் 3 ஏக்கர் வேண்டும். ஆகவே சென்னைக்குள் காணக் கிடைக்காத பரந்த மைதானங்கள் இந்தப் பகுதிப் பள்ளிகளில் உள்ளன. அவற்றின் சுற்றுச்சுவரை ஒட்டியே நம் வீடுகளும் எழுகின்றன.

மைதானம் விலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கிராம்ப்டன் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியிட்டார். அமைதியான பூங்காவை ஒட்டிய வீடுகளுக்கு மதிப்புக் கூடுகிறது. கூட்டமும் ஆரவாரமும் மிகுந்த விளையாட்டுத் திடல் என்றால், அதை ஒட்டிய முதல் வரிசை வீடுகளுக்கு அந்தப் பலன் குறைகிறது அல்லது கிடைக்காமலே போகிறது. ஓரிரு தெரு தள்ளியிருக்கும் வீடுகள் பலனடைகின்றன. காற்றும் வெளிச்சமும் எல்லோருக்கும் வர, பந்தும் புழுதியும் முதல் வரிசைக்கு மட்டுமே வருகின்றன. ஆகவே சகோதரரின் வீட்டுக்கு விலை குறைத்துக் கேட்பவரை நாம் குறை சொல்ல முடியாது.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் விளக்கம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அந்த வணிகரும் வாயால் பொய் சொல்லவில்லை. ஈரத்தைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். மே மாதத்தில் வீட்டைக் காட்டுவதும் ஈரத்தைக் கீழே வைப்பதே. வாங்குபவர் ஜூன் மாதத்தில் கையை விட்டுப் பார்ப்பார். அதற்குள் பத்திரம் பதிவாகியிருக்கும்.

விற்க முடியாதபோது சிலர் வேறு வழியை நாடுகிறார்கள். மைதானத்தையே மூட வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டுகிறார்கள். நியாயமான குறைகளைக் கேட்பது நம் உரிமை. பந்து வராமல் வலை கட்டச் சொல்லலாம். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விளையாட்டு விழாக்களில் இவை மீறப்பட்டால் பள்ளி நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் பிள்ளைகளின் குரலையே தொல்லை என்று எழுதிக் கொடுக்கும் முன் நாம் சற்று நிதானிக்க வேண்டும். நம் பள்ளிவாசலின் பாங்கொலியை அண்டையிலிருக்கும் பிற சமயத்தவர் எத்தனையோ ஊர்களில் ஆண்டாண்டு காலமாகப் பொறுத்து வாழ்கிறார்கள். அந்தப் பெருந்தன்மையைப் பெற்றுக்கொள்ளும் நாம் அதைக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அந்த மனுக்களில் இன்னொரு வாசகமும் சில வேளைகளில் இடம்பெறுகிறது: "வெளியாட்கள் வருகிறார்கள்." ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களையே அது குறிக்கிறது. ஒரே அறையில் பலர் தங்கி, ஷிப்ட் மாறி மாறி உறங்கும் இளைஞர்கள் அவர்கள். அவர்கள் நடமாடினால் தெருவின் மதிப்புக் குறையும் என்கிறார்கள். இந்த வாதத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். வாடகைக்கு வீடு தேடிப் போய், பெயரைச் சொன்னதும் "உங்கள் ஆட்களுக்குக் கொடுப்பதில்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம்மில் உண்டு. நமக்கு வலித்த சொல்லை மற்றவர் மீது எறியும் மனுவில் நம் கையெழுத்து இருக்கக் கூடாது. அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யுமாறு குர்ஆன் கட்டளையிடும்போது (4:36) உறவுடையவரை மட்டுமின்றி அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது.

விளையாட்டு தீனுக்குப் புறம்பானதும் அன்று. மதீனாவில் அண்ணலார் (ஸல்) குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அதன் தொடக்கமும் முடிவும் எந்தெந்த இடங்கள் என்பதுகூட ஹதீஸில் பதிவாகியுள்ளது. அபிசீனியர்கள் மஸ்ஜிதில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டுகளித்தார்கள். கைப்பேசியில் குனிந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஓடுவதற்கு ஓர் இடம் அடுத்த சுவருக்கு அப்பால் இருப்பது பெரிய நிஃமத்.

ஆகவே சகோதரருக்கு நாம் சொன்னது இதுதான்: வீட்டைப் பள்ளி நடக்கும் நாளில், மாலை நான்கு மணிக்குக் காட்டுங்கள். மாடிக்கு அழைத்துச் சென்று மைதானத்தையும் காட்டுங்கள். பந்து வந்து உடைந்த ஓடு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொல்லி, குறையை மறைக்காமல் செய்யும் வியாபாரத்தில் இருவருக்கும் பரக்கத் உண்டு என்பது நபிமொழி காட்டும் வழி. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்று அந்தச் சத்தத்துக்காகவே அந்த வீட்டை விரும்பவும் கூடும். விலை சில லட்சம் குறையலாம். கிடைக்கும் தொகை ஹலாலாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.