தும்பை விட்டோம்... புல்லைப் பிடித்தோம்!

உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல்வெளி இருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். ஒரு சின்னப் பரிசோதனை. காலை எட்டு மணிக்கு அதன் ஓரத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். எத்தனை தேனீ வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு கை விரல்களே மிச்சம்தான்!

அப்படியே தெருமுனைக்கு நடந்து, யாரும் சீண்டாத ஒரு காலி மனையைப் பாருங்கள். மழை முடிந்த நேரமாக இருந்தால், முழங்கால் உயரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்த செடி ஒன்று கண்ணில் படும். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அங்கே ரேஷன் கடை க்யூ மாதிரி வந்து போய்க்கொண்டிருக்கும். அதுதான் தும்பை.

வேட்டியின் வெள்ளைக்கு உவமை சொல்லத் தும்பைப் பூ வேண்டும். இட்லியைப் புகழத் தும்பைப் பூ வேண்டும். சிவனுக்குச் சாத்தவும் தும்பைப் பூ வேண்டும். செடி மட்டும் நம் காம்பவுண்டுக்குள் வரக் கூடாது. வந்தால் அதன் பெயர் 'களை'. உடனே ஆள் வைத்துப் பிடுங்குகிறோம்.

'தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே' என்பார்கள். அந்தத் தும்பு, மாட்டைக் கட்டும் கயிறு. நாம் விட்டது செடியை. பிடித்தது கொரியன் புல்லை!

களை என்பது ஒரு செடியின் ஜாதி இல்லை சார், நாம் சூட்டுகிற பட்டம். வயலில் முளைத்தால் தும்பை களைதான். விவசாயி பிடுங்கட்டும், அது அவருடைய சோற்றுப் பிரச்னை. உங்கள் வாசலில் என்ன, சம்பா நெல்லா விளைகிறது?

தும்பைப் பூவை ஒரு தடவை கிட்டே போய்ப் பாருங்கள். துளசிக் குடும்பத்துச் செடி அது. பூவுக்கு மேல் உதடு, கீழ் உதடு என்று இரண்டு உண்டு. அகலமான கீழ் உதடு, தேனீ வந்து இறங்குவதற்கான திண்ணை. உள்ளே தலையை நுழைத்துத் தேன் குடிக்கும்போது, மேல் உதட்டுக்குள் ஒளிந்திருக்கும் மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். எவ்வளவு நேர்த்தியான கொடுக்கல் வாங்கல்! நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறோமே அடுக்குச் செம்பருத்தி, அதில் மகரந்தம் தரவேண்டிய பாகங்களே இதழ்களாக மாறியிருக்கும். நமக்குக் கண்ணுக்கு அழகு. தேனீக்குப் பட்டினி.

புல்வெளியோ அந்த அழகுக்குக்கூடப் பூப்பதில்லை. பூக்க விடாமல் வெட்டிக்கொண்டே இருக்கிறோம். ஆனால், குடிப்பதில் மட்டும் குறைவில்லை. ஆயிரம் சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால், 465 லிட்டர் காலி. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்ததே, அதற்குள் மறந்துவிட்டதா? மழையில் தானே முளைத்து, பூத்து, விதை கொட்டி, வெயிலில் காய்ந்து, அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கிற தும்பை நம்மிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டதுண்டா?

தண்ணீராவது போகட்டும். மதில் ஓரம் முளைப்பதை ஒழிக்க அடிக்கிறோமே களைக்கொல்லி, அது? கிளைபோசேட் என்ற களைக்கொல்லி புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் வகைப்படுத்தியது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் மூலமாகத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு போட்டது. உங்கள் வளாகத்தில் யார் கையில், எந்த டப்பா இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? அதே மதில் ஓரத்தில்தானே நம் குழந்தைகள் பந்து பொறுக்குகிறார்கள்?

'தும்பை, துத்தின்னு புதர் மாதிரி விட்டா பாம்பு வரும், கொசு வரும்' என்பார் அசோசியேஷன் பிரமுகர். பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது நாம் வீசுகிற குப்பைக்காக. கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். பூந்தொட்டியின் அடித்தட்டையும், ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டையும் முதலில் கவிழ்க்கச் சொல்லுங்கள். பழியை மட்டும் செடி மேல் போடுவது என்ன நியாயம்?

வெளிநாட்டுச் செடி எல்லாம் எதிரி என்று சொல்லவில்லை. மிளகாயே கடல் கடந்து வந்ததுதான். அது இல்லாமல் நமக்குச் சாம்பார் ஏது? ஆனால், அழகுக்கு என்று யோசிக்காமல் கொண்டுவந்தவை செய்த வேலையையும் மறக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் வைக்கக் கொண்டுவந்த உண்ணிச்செடி, இன்றைக்கு முதுமலைக் காட்டைப் பிடித்து நிற்கிறது. பூ அழகாக இருக்கிறதே என்று வந்த ஆகாயத்தாமரை ஏரிகளை மூடுகிறது. நம்ம ஊர் களையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காசு கொடுத்துக் களை வாங்கியவர்கள் நாம்!

அதற்காக முளைத்ததை எல்லாம் விட்டுவைக்கவும் வேண்டாம். பார்த்தீனியம் தலைகாட்டினால், பூக்கும் முன்பே கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள்.

தும்பை வளர்க்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. காய்ந்த செடியின் உருண்டைக் கொத்துகளை உள்ளங்கையில் கசக்கினால் பொடி விதைகள் உதிரும். ஐப்பசி மழைக்கு முன்னால், நல்ல வெயில் படும் இடத்தில், மண்ணை லேசாகக் கிளறித் தூவுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். உரம் வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியிலும் வரும். பூத்து முடிந்து அசிங்கமாகக் காய்ந்து நிற்கும்போதுதான் உங்களுக்குப் பரீட்சை. உடனே பிடுங்காதீர்கள். விதை விழட்டும். அடுத்த வருஷத்துத் தோட்டம் அதில்தான் இருக்கிறது.

மொத்தப் புல்வெளியையும் பெயர்த்தெறியச் சொல்லவில்லை. பத்தடிக்குப் பத்தடி, ஒரே ஒரு மூலை. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, 'அந்த மூலையை மட்டும் வெட்டாம, மருந்தடிக்காம விட்டுடுங்க' என்று கேளுங்கள். சிரிப்பார்கள். சண்டைக்குக்கூட வருவார்கள். வரட்டுமே! வீரத்தைக் காட்டுவதற்காகவே இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நின்று மோதுகிற போருக்கு, தொல்காப்பியம் வைத்த பெயரே தும்பைதானே?