பெட்டி எந்த கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி

டர்போ காருக்கு எந்த இ.சி.யு. வாங்கலாம் சார் என்று கேட்டு வரும் பையன்கள் சமீப காலமாக அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்கள். சிலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறார்கள், சிலர் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது பிராண்டு பெயர்தான். ஹால்டெக்கா, லிங்க்கா, மோட்டெக்கா, இல்லை ஸ்பீடுயினோவே போதுமா? நான் திருப்பிக் கேட்பது வேறு. அதற்கு மேப் எழுதப்போவது யார்? எழுதி முடித்த பிறகு அந்த ஃபைல் யார் கையில் இருக்கும்?

இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் பெட்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இ.சி.யு.வை என்ஜினின் மூளை என்கிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. பரீட்சை ஹாலுக்குள் எடுத்துப்போன லாக் டேபிள் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அதுதான் சரியான உவமை. ஒரு பக்கம் என்ஜின் வேகம், இன்னொரு பக்கம் காற்றின் அழுத்தம். சாதாரணமாக 16-க்கு 16, மொத்தம் 256 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். பெட்ரோல் எவ்வளவு என்பதற்கு ஒரு டேபிள், ஸ்பார்க் எப்போது என்பதற்கு இன்னொன்று. பெட்டி செய்கிற வேலை, சென்சாரைப் பார்த்து, கட்டத்தைத் தேடி, இடைப்பட்ட மதிப்பைக் கணக்குப் போட்டு, அதன்படி நடப்பது. லாக் டேபிளை எந்தப் பதிப்பகம் அச்சடித்தது என்பதைவிட உள்ளே இருக்கும் எண் சரியா என்பதுதானே முக்கியம்?

அந்த எண் எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். 6,000 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் நொடிக்கு 100 சுற்று. நான்கு சிலிண்டர் என்ஜினில் நொடிக்கு 200 ஸ்பார்க். ஒரு சுற்றுக்கு 360 டிகிரி, ஆக ஒரு டிகிரி என்பது ஒரு நொடியை 36,000 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. இப்போது விற்கும் விலை குறைந்த போர்டுகூட இந்த வேகத்தில் வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த டிகிரி 18-ஆக இருக்க வேண்டுமா 14-ஆக இருக்க வேண்டுமா என்பதை எந்தப் போர்டும் தானாகச் சொல்லாது. டர்போ இல்லாத என்ஜினில் நாலு டிகிரி தவறினால் பெரும்பாலும் பவர் குறையும், அவ்வளவுதான். டர்போ என்ஜினில் பூஸ்ட் ஏறியிருக்கும்போது நாலு டிகிரி முன்னால் போனால் பிஸ்டன் போய்விடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. என் மாணவர்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் போடுகிறேன். மே மாதம் நம் ஆரணியில் வெயில் 40 டிகிரி செல்சியஸ். கெல்வினில் 313. டர்போ 0.8 பார் பூஸ்ட் கொடுக்கிறது என்றால் அழுத்த விகிதம் சுமார் 1.8. வெப்பம் வெளியே போகாமல் காற்றை அமுக்கினால், எந்த இழப்பும் இல்லாத கம்ப்ரஸரில்கூட அது 97 டிகிரிக்குப் போகும். நிஜ கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் 120 டிகிரியைத் தாண்டும். இதே கணக்கை 15 டிகிரி குளிரில் இருக்கும் ஒரு ஊருக்குப் போட்டால் 90 டிகிரிதான் வரும். இன்டர்கூலர் பாதியை இறக்கினாலும் வித்தியாசம் மிஞ்சும். அந்த ஊரில் எழுதிய மேப்பை யாரோ பென் டிரைவில் கொடுத்தார்கள் என்று நம் வண்டியில் ஏற்றினால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதுதான் நாக்கிங். சைலன்ஸர் சத்தத்தில் அது காதில் விழாமலே போவதும் உண்டு.

ஆகவே இ.சி.யு. வாங்குவது என்பது ஒரு பொருளை வாங்குவதில் முடிவதில்லை. ஒரு ஆளின் உழைப்பையும் நம் வெயிலில், நம் பெட்ரோலில் அவர் செலவழிக்கும் நேரத்தையும் வாங்குகிறீர்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல டியூனருக்கு லிங்க் நன்றாகத் தெரியும் என்றால் லிங்க் வாங்குங்கள். ஹால்டெக் தெரியும் என்றால் அது. ஹால்டெக் 1986, மோட்டெக் 1987 என்று ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கம்பெனிகள். லிங்க் நியூசிலாந்து. எல்லாமே பந்தயத்தில் தேறியவைதான். அவற்றுக்குள் எது உசத்தி என்று இரவெல்லாம் சண்டை போடுவது வீண்.

அதற்கும் முன்னால் ஒன்று. தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு வெளிப் பெட்டியே வேண்டாம். இதை ஆசிரியர் புத்தி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்யும் 1.0 லிட்டர் டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. அந்த இன்ஜெக்டரைத் திறக்கவே 12 வோல்ட் போதாது, 60-க்கு மேல் வேண்டும். சாதாரண ஸ்டாண்ட்அலோன் பெட்டிக்கு அந்த வேலை தெரியாது. ஒரகடத்தில் செய்யும் மேக்னைட், கைகர் டர்போவில் போர்ட் இன்ஜெக்‌ஷன்தான், அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மீட்டர், ஏ.சி., ஏ.பி.எஸ்., சாவியின் இம்மொபிலைசர் எல்லாம் கம்பெனி இ.சி.யு.வோடு கேன் ஒயரில் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றைப் பிடுங்கினால் மற்றவை குழம்பும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிற வண்டிக்கு எதற்கு இந்த வம்பு?

ஆக, நான் பேசுவது பந்தயத்தடத்துக்கு மட்டும் போகும் வண்டியைப் பற்றி. பழைய எஸ்டீமில் டர்போ ஏற்றியவர்கள், டி-ஜெட் என்ஜின் லீனியாவைப் பந்தயத்துக்கென்றே ஒதுக்கியவர்கள். இவர்களுக்கு ஸ்டாண்ட்அலோன் பெட்டி நியாயமான தேவை.

இனி, பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆதங்கம் இதில்தான்.

என் மாணவர் ஒருவர், பெயர் வேண்டாம், ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய காருக்கு டர்போ ஏற்றி, வெளியூர் டியூனர் ஒருவரிடம் பெட்டி போட்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு பங்க்கில் இ20 பெட்ரோல் வந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் கலந்தால் கணக்கு சுமார் 13.5-க்கு இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்கு 7, 8 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். எத்தனால் நாக்கிங்கைக் கொஞ்சம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் மேப் மாறாவிட்டால் முழு பூஸ்ட்டில் கலவை மெலிந்துபோகும். எண்களைத் திருத்தினால் சரியாகிவிடும் வேலை இது. லேப்டாப்பைச் செருகினார் பையன். பாஸ்வேர்டு கேட்டது. டியூனருக்குப் போன் போட்டால், வண்டியைக் கொண்டு வா, மறுபடி முழுப் பணம் என்றார். பணம் சேரட்டும் என்று காத்திருந்த இடைவெளியில் ஒரு நாள் பிஸ்டனின் ரிங் லேண்ட் உடைந்தது.

டியூனர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பத்து வருஷம் என்ஜின்களோடு மாரடித்துக் கற்ற வித்தை அது. பூட்டாமல் விட்டால் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன் காப்பி அடித்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்பான். போதாக்குறைக்கு வாடிக்கையாளர் தானே நோண்டிக் கெடுத்துவிட்டு இவர் மேல் பழி போடுவார். இரண்டும் நடக்கிறது. அதற்காகக் காசு கொடுத்தவனின் வண்டியை அவனே திறக்க முடியாமல் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். டெலிவரி நாளில் ஃபைலின் ஒரு பிரதி, அதன் கீழே தேதியும் கையெழுத்தும். அதற்குப் பிறகு யாராவது எண்ணை மாற்றினால் ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழி யார் மேல் என்பதும் அங்கேயே தீர்ந்துவிடும். பாஸ்வேர்டு தர மாட்டேன் என்பவரிடம் எவ்வளவு உயர்ந்த பெட்டி இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சோழவரம் நமக்குப் பக்கம்தான். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம் அங்கே இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது, இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990 வாக்கில் வரும் வரை. அது கார்புரேட்டர் காலம். ஜெட்டைக் கழற்றி மாற்றுவதையும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதையும் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பதையும் பக்கத்தில் நிற்கும் பையன் பார்க்க முடியும். பார்த்தே பாதி வித்தையைக் கற்றுக்கொள்வான். வேலை திரைக்குள் போன பிறகு அந்தப் பையனுக்குப் பார்க்க எதுவும் இல்லை. நம் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டத்தையும் சுற்றி இத்தனை கார் தொழிற்சாலை. அங்கே ஒயர் ஹார்னஸ் பூட்டுகிற பிள்ளைகளுக்கு அந்த ஒயரில் என்ன போகிறது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

அதனால்தான் ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் வகையறாவை நான் கேலி செய்வதில்லை. மெகாஸ்குவர்ட்டை இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் பௌலிங், கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள், வாங்குபவரே சாலிடர் வைத்துக் கோர்க்கும் கிட்டாகக் கொண்டுவந்தார்கள். ஸ்பீடுயினோ, கல்லூரி பிராஜெக்டில் எல்லோரும் வாங்கும் அர்டுயினோ மெகா போர்டில் ஓடுவது. நிரலும் சர்க்யூட்டும் திறந்தே கிடக்கின்றன. டர்போ இல்லாத பழைய ஜென்னில் இதைப் போட்டுப் பழகிய பையன், பிறகு எந்தப் பெட்டியைத் திறந்தாலும் திகைக்க மாட்டான். ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஒரு பழைய என்ஜினை ஸ்டாண்டில் நிறுத்தி இதைச் சொல்லித்தரலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

டர்போவுக்கு இது போதுமா என்றால், பார்த்துச் செய்ய வேண்டும். விலை குறைந்த போர்டில் நாக்கிங்கைக் கேட்டு ஸ்பார்க்கைத் தானாகப் பின்னால் இழுக்கும் வசதியை நம்ப முடியாது. விலை கூடிய பெட்டியில் ஆயில் பிரஷர் விழுந்தால், பூஸ்ட் எல்லை மீறினால், கலவை மெலிந்தால் என்ஜினை உடனே அடக்கும் வசதி கிடைக்கிறது. கூடுதல் பணத்துக்கு நியாயம் அங்கேதான், திரையில் தெரியும் வண்ணக் கோடுகளில் இல்லை. உங்கள் கிராங்க் வீலின் பல் அமைப்பைப் பெட்டி படிக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். படிக்காது என்றால் மற்றதெல்லாம் வீண்.

பணம் குறைவாக இருந்தால் பெட்டியில் குறையுங்கள், சென்சாரில் குறைக்காதீர்கள். காரோடு வரும் சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் கலவை கெட்டியா மெலிசா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்ல வைட்பேண்ட் வேண்டும். பாஷ் எல்.எஸ்.யு. 4.9 எல்லோரும் போடுவது. அளவை லாம்டாவில் பேசிப் பழகுங்கள், பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு கலந்தாலும் லாம்டா 1 என்பது 1-தான். பிரஷர் சென்சாரும் பூஸ்ட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டர்போ இல்லாத காரின் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு நின்றுவிடும். 0.8 பார் பூஸ்ட்டுக்கு மொத்தம் 1.8 பார் அளக்க வேண்டுமே.

ஒயரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழவேற்காடு, எண்ணூர் உப்புக்காற்று செம்பை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். சென்சார் எர்த்தும் என்ஜின் எர்த்தும் கண்ட இடத்தில் பூட்டியிருந்தால் அளவு ஆடிக்கொண்டே இருக்கும், மேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

டியூன் செய்யும் இடமும் முக்கியம். ராத்திரி பத்து மணிக்கு ஜி.என்.டி. ரோட்டில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு முழு பூஸ்ட்டில் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறேன். எதிரே வருகிறவன் டிபன் பாக்ஸோடு பைக்கில் ஷிப்டுக்குப் போகிறவன், அவனும் என் மாணவனாக இருப்பான். டைனோவுக்கு ஒரு நாள் வாடகை கொடுங்கள். முதலில் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் பூஸ்ட்டிலேயே நிறுத்தி, லாம்டா 0.8 பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லுங்கள். அன்று மாலை கிளம்பும்போது பென் டிரைவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.