பில் இல்லாத இயந்திரம்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்று எழுதமாட்டேன், தெரிந்தவர்களும் கேட்க வேண்டாம். நான் வீட்டில் செய்த தெர்மாகோல் வெட்டும் இயந்திரத்தை மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, வாரம் ஒருநாள் வந்து சொல்லியும் தருகிறேன் என்று கேட்கத்தான் போனேன். தலைமை ஆசிரியர் மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "பில் இருக்கா சார்?"

வீட்டில் செய்ததற்கு ஏது பில்?

"பில் இல்லாம ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எப்படி சார் ஏத்தறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி பீரோ. உள்ளே புத்தம் புதிய த்ரீ-டி பிரிண்டர், வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பீரோவுக்குப் பூட்டு. மாணவர்கள் தொட்டுப் பழகட்டும் என்று அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கிய பொருள் அது. தொட்டால் கெட்டுவிடும் என்று பூட்டியிருக்கிறார்கள்.

வாய் திறக்காமல் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். கல்யாண மேடையில் மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டுவார்களே, அதைச் சூடான கம்பியில் கையால் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கம்பிதான் இங்கேயும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண், நடுவில் கட்டிய நிக்ரோம் கம்பி. ஒவ்வொரு தூணும் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர இரண்டிரண்டு மோட்டார், ஆக நான்கு. கம்ப்யூட்டர் சொல்கிறபடி அவை நகரும். இதைத்தான் சி.என்.சி. என்கிறார்கள். இரண்டு தூணும் ஒரே மாதிரி நகர்ந்தால் எழுத்து வரும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நகர்ந்தால், நுனி குறுகிய விமான இறக்கை வரும். எனக்கு வேண்டியிருந்தது அந்த இறக்கைதான். சிறுவயதில் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் கிளைடர் படம் பார்த்துவிட்டுக் கத்தியும் மரத்துண்டும் எடுத்து உட்கார்ந்தவனை, "பிரெவே பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்குத் தச்சன் வேலை எதுக்கு?" என்று அப்பா எழுப்பிவிட்டார். அன்றைக்கு எழுந்தவன் அறுபத்தெட்டு வயதில்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

மோட்டாரும் இரும்புத் தண்டுகளும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் உடைசல் பிரிண்டர்களாகக் கிடைத்தன. தூண் நகர அலமாரிக்குப் போடும் டிராயர் சேனல். மீதிச் சில்லறைச் சாமான்கள் சென்னை ரிச்சி தெருவில். மென்பொருள் ஜெடிகட் என்று ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் செய்து இலவசமாகக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு, அரசு வேலையில் பழைய பத்திரங்களைப் படிக்கத்தான் உதவியது. இப்போதுதான் ஒரு உருப்படியான காரியத்துக்கு உதவியது. நான் மூட்டை மூட்டையாகத் தெர்மாகோல் வாங்கிப் போவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், 2017-ல் வைகை அணையில் நடந்ததை மனதில் வைத்து, "எந்த ஏரியை மூடப் போறீங்க?" என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இயந்திரம் ஒரே தடவையில் உருவாகிவிடவில்லை. முதலில் கடையில் விற்கும் எட்டு மில்லிமீட்டர் மரைத் தண்டு போட்டேன். ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர்தான் நகரும். மாட்டு வண்டி வேகம். கம்பி ஒரே இடத்தில் தயங்கினால் தெர்மாகோல் கூடுதலாக உருகிப் பள்ளம் விழும். அதைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகரும் தண்டு மாட்டினேன். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். பழைய தண்டில் மில்லிமீட்டருக்கு 160 அடி, புதிய தண்டில் 25. மென்பொருளில் இந்த எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். 10 மில்லிமீட்டர் போ என்றால் 64 போனது. தூண் சுவரில் மோதிக் கம்பி அறுந்து தெறித்தது. முப்பது வருஷம் கூட்டல் கழித்தல் சரிபார்த்தவன் செய்த தப்பு இது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கம்பிக்கும் ஒரு குணம் உண்டு. சூடானால் நீளும். முக்கால் மீட்டர் கம்பி மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு தொய்ந்துவிடும், எழுத்தின் முனையெல்லாம் மழுங்கும். சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் போட்டேன், கம்பியை அறுத்தது. பேனா ஸ்பிரிங்குக்கு வலு போதவில்லை. கடைசியில் ஒரு கப்பியில் கம்பியை ஓடவிட்டு, முனையில் மளிகைக் கடைக்காரரிடம் வாங்கிய அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். இன்றுவரை அதுதான் தொங்குகிறது. இறக்கை வெட்டும்போது இன்னொரு சிக்கல். நுனிப் பக்கம் கம்பி மெதுவாக நகர்வதால் அங்கே அதிகமாக உருகி, நுனி மெலிந்துபோகும். எவ்வளவு மெலிகிறது என்று அளந்து, படத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கி வெட்ட வேண்டும். வெட்டி வீணாக்காமல் இந்த அளவை யாரும் தெரிந்துகொள்ள முடியாது. நான் இரண்டு மூட்டை வீணாக்கினேன்.

இப்போது தலைமை ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் கெட்டவர் அல்ல. பொருள் உடைந்தால் விளக்கம் கேட்டு மெமோ அவருக்குத்தான் வரும். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்தான். பொது நிதி விதிகளைக் கரைத்துக் குடித்தவன் சொல்கிறேன்: பொருட்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ணிச் சரிபார் என்று அதில் இருக்கிறது. பூட்டி வை என்று எங்கேயும் இல்லை. தேய்ந்ததை, கெட்டதைக் கணக்கிலிருந்து கழிக்க வழியும் அதிலேயே இருக்கிறது. நாங்கள் பார்த்ததெல்லாம் ஒன்றுதான்: பொருள் இருக்கிறதா? இருந்தால் டிக். யாராவது உபயோகித்தார்களா என்று கேட்க ரிஜிஸ்டரில் காலமே கிடையாது.

1990-களின் தொடக்கத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தனி அறை, ஏ.சி., செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். துணி உறை போட்டு மூடி வைத்திருந்தோம். சாவி என்னிடம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குமாஸ்தா, சாப்பாட்டு நேரத்தில் பழகிக்கொள்கிறேன் சார் என்று மூன்று நான்கு தடவை கேட்டார். "கெட்டுப்போனா நீ பொறுப்பு எடுத்துக்குவியாம்மா?" என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. சில வருடங்களில் அது பழசாகிவிட்டது என்று ஏலத்தில் விட்டார்கள். ஒரு கீறல் கிடையாது. சாமானை நல்ல நிலையில் ஒப்படைத்தேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு. அந்தக் கண்ணாடி பீரோவைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது தலைமை ஆசிரியர் மீது மட்டும் இல்லை.

இன்னொரு வாதமும் வரும், அது ஆபத்து. இதை நான் தள்ளவில்லை. கம்பி கையைச் சுடும். புகை நல்லதல்ல, அதனால் திறந்த தாழ்வாரத்தில், புகையை வெளியே தள்ளும் ஃபேன் வைத்துத்தான் வெட்டுகிறோம். கம்பிக்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரம்தான், வீட்டு லைன் கரண்ட்டை நேராகக் கொடுப்பது கொலைக்குச் சமம். பி.வி.சி. நுரை அட்டையைச் சூட்டுக் கம்பியில் வெட்டவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். இவ்வளவும் பத்து நிமிஷத்தில் சொல்லித்தரக்கூடியவை. பள்ளி முடிந்து ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் மூன்று பேராகப் போகும் பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு மட்டும் ஆபத்து என்கிறோம்.

அந்தப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் எங்கள் தெருவில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் வருவான். முதல் வாரமே கரண்ட் ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டான். டிரைவர் என்று ஒரு சின்னத் தகடு, பட்டென்று போய்விட்டது. முகம் வெளிறி, "தாத்தா, எவ்வளவுன்னு சொல்லுங்க, அம்மாகிட்ட வாங்கித் தர்றேன்" என்றான். ஒரு சினிமா டிக்கெட் விலைதான் அது. நானும் அதே மாதிரி இரண்டு எரித்திருக்கிறேன் என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவன் கேள்வி கேட்க ஆரம்பித்தான். கம்பியில் கரண்ட்டை ஏற்றுவதைவிட வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று அவனாகவே அட்டவணை போட்டு வைத்திருக்கிறான். என் ஆபீஸ் அட்டவணைகளைவிடச் சுத்தமாக இருக்கிறது.

போன வாரம் அதே பள்ளியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆண்டு விழா மேடைக்கு எழுத்து வெட்டித் தர முடியுமா என்று. பில்லைப் பற்றி யாரும் பேசவில்லை. பையன்தான் வெட்டுகிறான். தமிழ் எழுத்தில் சுழி அதிகம், சூட்டுக் கம்பி நடுவில் இறங்க முடியாது, ஓரத்திலிருந்து ஒரு கீறல் போட்டுத்தான் சுழிக்குள் நுழைய வேண்டும். 'வி'-க்கு எந்தப் பக்கம் கீறினால் மேடையிலிருந்து தெரியாது என்று காலையிலிருந்து பேப்பரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.