கேட்காமல் கொடுக்கும் மாத்திரை

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது அத்தியாவசியச் சேவையாகத் திறந்திருந்தவற்றுள் மருந்துக்கடையும் ஒன்று. தனியார் கிளினிக்குகள் பல பூட்டிக் கிடந்தன; அரசு மருத்துவமனைக்குப் போகவே மக்கள் அஞ்சினார்கள். காய்ச்சல் கண்டவர் முன்பதிவின்றி நேரில் பேசக்கூடியவராகப் பல தெருக்களில் மருந்தாளுநர் மட்டுமே இருந்தார். லேசான தொற்று என்றால் வீட்டிலிருந்தபடியே உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அரசு. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தரும் வேலை அறிவிப்பு ஏதுமின்றி மருந்தாளுநர்களாகிய நம் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தது. அதை நம் தொழிலின் மையப் பணியாக ஏற்று, அடுத்த தொற்றுக்கு முன் முறைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படி, தனிமனிதரும் குடும்பமும் சமூகமும் சுகாதாரப் பணியாளரின் துணையோடோ துணையின்றியோ தம் நலத்தைக் காத்துக்கொள்ளும் திறனே சுயபராமரிப்பு. தகவல் இல்லாமல் இந்தத் திறன் வராது. “ஜுரத்துக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க” என்று கேட்டதும் அட்டையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தால் விற்பனை முடிந்துவிடும். ஆனால் துண்டு அட்டையில் பல நேரம் மருந்தின் பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. செட்டில் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று இருக்கும். கூடவே போட்ட சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். வீட்டில் ஏற்கெனவே ஓர் அட்டை வைத்திருப்பவர், பெரியவர்களுக்கான ஒரு நாள் உச்ச அளவாகிய 4 கிராமைத் தெரியாமலே தாண்டிவிடலாம். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டிருந்தால் அது அப்போதே தெரிந்திருக்கும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் கேட்காததன் விலை இன்னும் அதிகம். ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இறப்பைக் குறைக்கிறது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனிலேயே காட்டியது. இருந்தும் இரண்டாம் அலையில், வாட்ஸ்அப்பில் சுற்றிய சீட்டுகளை நம்பிக் காய்ச்சலின் தொடக்க நாட்களிலேயே அதை விழுங்கியவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும். கருப்புப் பூஞ்சை நோய்க்கு அது வழிவிடும். 2021 மே மாதம் அந்நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தேவையின்றி எழுதப்பட்ட மருத்துவர் சீட்டுகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் நோயாளியின் கைக்கு மாத்திரை போகும் முன் கடைசியாக அதைத் தொட்டவர்கள் நாம். காய்ச்சல் எத்தனை நாள், சர்க்கரை உண்டா, ஆக்சிஜன் அளவு என்ன என்று கவுன்ட்டரிலேயே கேட்டிருக்க வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் விற்றபோதும் அப்படித்தான்: விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு பிழைபடும், 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் கொடுத்த கருவியால் என்ன பயன்?

இது மருத்துவரின் வேலையில் தலையிடுவது என்று சிலர் சொல்வார்கள். நோயைக் கண்டறிவது வேறு. ஆபத்து அறிகுறியைக் கேட்டறிந்து மருத்துவரிடம் அனுப்புவது வேறு. மருந்து பற்றி நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை 2015-ஆம் ஆண்டின் பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகளே நம் கடமையாக வைத்திருக்கின்றன. சட்டத்தைக் கடுமையாக்கினால் போதும் என்பது இன்னொரு வாதம். டெக்ஸாமெத்தசோன் ஏற்கெனவே ஷெட்யூல் எச் மருந்துதான். சீட்டில்லாமல் விற்கவே கூடாது. கவுன்ட்டரில் நிற்பவர் கடைப்பிடிக்காத விதி யாரையும் காப்பாற்றாது. நாம் மறுத்தால் பக்கத்துக் கடையில் வாங்கிவிடுவார்கள் என்ற வணிகக் கவலை நியாயமானதே. அதனால்தான் இதைத் தனிக் கடையின் நேர்மைக்கு விட்டுவிடாமல், ஊர்க் கடைகள் எல்லாம் சேர்ந்து ஒரே கேள்விப் பட்டியலை ஏற்க வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்தாளுநர் கடையிலேயே இல்லாத நிலைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. சீட்டு மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம்.

மாவட்டச் சங்கங்கள் இந்த ஆண்டே ஒரு பக்கத் தமிழ்க் கேள்வித்தாளையும், மருத்துவரிடம் அனுப்பும் பரிந்துரைச் சீட்டையும் தயாரித்து ஒவ்வொரு கவுன்ட்டரிலும் வைக்கட்டும். கேள்வி கேட்டுக் கொடுக்கும் பழக்கம் சாதாரண நாளில் நமக்கு இல்லையென்றால், பெருந்தொற்று நாளில் திடீரென்று வந்துவிடாது.