பெட்டைக்கு ஒரு விருத்தம்

அருணகிரிநாதரின் ஊரான திருவண்ணாமலையில் கோழியைப் பற்றிப் பேசலாம். அவர் சேவலுக்கு விருத்தம் பாடினார், பெட்டைக்குப் பாடவில்லை. நாமோ அதன் பெருமையை முட்டையின் நிறத்தைக் கொண்டு அளக்கிறோம். புறக்கடைக் கோழிக்கு ஆசைப்படும் நண்பர்கள் முதலில் கேட்பது, 'பழுப்பு முட்டை இடுமா?' என்றுதான்.

பழுப்பு என்பது ஓட்டின் மேல் கடைசியில் படியும் நிறமி. சத்தோடு அதற்கு உறவில்லை. சிலி நாட்டு அரோக்கானாவின் நீல முட்டைக்கு, அதன் மரபணுத் தொகுதியில் என்றோ புகுந்த ரெட்ரோவைரஸே காரணம் என்று 2013இல் கண்டறிந்தார்கள். கருங்கோழி என்று விலைகொடுத்து வாங்கும் கடக்நாத்தின் முட்டைகூடக் கறுப்பல்ல, வெளிர்ப் பழுப்புதான்.

ஹைதராபாத்தில் உருவான கிராமப்ரியா ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பழுப்பு முட்டைகள் இடும். ஆனால் அடைக்கு அநேகமாக உட்காராது. அடுத்த தலைமுறைக்குப் பொரிப்பகத்தின் வாசலில்தான் நிற்கவேண்டும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையோடு நிறுத்திக்கொண்டு அடைகாக்கும். 21ஆம் நாள் குஞ்சுகளோடு எழும். பருந்தின் நிழல் விழுந்தால் சிறகை விரிக்கும். இந்த அறிவை எந்தப் பொரிப்பகம் விற்கிறது? நிறமும் கோழிக்குக் கோழி மாறும்: ஒன்று வெளுப்பு, ஒன்று சந்தனம், ஒன்று பழுப்பு.

வாங்குகிறவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் விசாரித்து, குஞ்சுகளைத் தாயோடு சேர்த்துக் கேளுங்கள்.