லேப்டாப்புக்கு விசிறி வீசும் வியாபாரம்

போன ஏப்ரல் வெயிலில் என் லேப்டாப் அரை மணிக்கு ஒருமுறை தானாக அணைய ஆரம்பித்தது. கடைக்குத் தூக்கிப் போனேன். பையன் அடியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹீட் ஆகுதுங்க. கூலிங் ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிப் போடுங்க, இல்லீன்னா புதுசுதானுங்க" என்றான். 900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நீல விளக்கெல்லாம் எரிந்தது. லேப்டாப் நாற்பது நிமிஷத்தில் அணைந்தது.

சிங்காநல்லூர்ப் பஞ்சாலையொன்றில் 31 வருஷம் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. இங்கே மோட்டார் சூடானால் முதலில் ஃபேன் கவரைக் கழற்றுவோம், பஞ்சு அடைத்திருக்கும். அதை எடுக்காமல் பக்கத்தில் பெடஸ்டல் ஃபேனை வைத்துவிட்டு வந்தால் ஃபோர்மேன் சும்மா விடமாட்டார். (வைத்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ஷிஃப்ட் முடியும்வரைதான்.)

லேப்டாப்பும் அதே சங்கதிதான். பிராசசரின் சூட்டைச் செம்புக் குழாய் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுவரும். உள்ளேயிருக்கும் சின்ன விசிறி அடியிலிருந்து காற்றை இழுத்து, அந்தத் தகடுகள் வழியாக வெளியே தள்ளும். தகட்டின் முன்னால் தூசி கம்பளிபோலப் படிந்துவிட்டால் வெளியே எத்தனை விசிறி சுற்றி என்ன? அந்த விசிறிக்கும் கரண்டு லேப்டாப்பின் யூஎஸ்பி துளையிலிருந்துதான். பழைய யூஎஸ்பி தருவது இரண்டரை வாட்!

மெத்தைமேல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஸ்டாண்டு உதவும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இரண்டு மரக்கட்டையும் போதும்.

பேரனை டார்ச் பிடிக்கச் சொல்லித் திறந்தேன். பன்னிரண்டு திருகு, அதில் இரண்டை ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவன் தூசி துடைக்கக்கூடாதா? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022-இல் தனி இணையதளமே திறந்தது. அந்தத் திருகைப் பார்த்தால் அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை வழித்தேன். "தாத்தா, உங்க மில்லு இங்கயும் வந்துருச்சு" என்றான் பேரன். பிராசசர்மேல் காய்ந்திருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். அன்றிலிருந்து ஒருமுறைகூட அணையவில்லை.

கடைப் பையனிடம் போய்ச் சொன்னேன். சிரித்தான். "கழட்டித் தொடைக்க ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க. ஸ்டாண்டுன்னா ரெண்டு நிமிஷத்துல குடுத்தறலாம்."