தாய்லாந்து போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க சாமியோவ்!

ஆபீஸில் ஆணி அதிகம். அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரலை. (நிம்மதியா இருந்தோம்னு நீங்க முணுமுணுக்கறது இங்க வரைக்கும் கேக்குது.) இன்னிக்கு வந்திருக்கறது திட்டறதுக்கு. யாரைன்னா, நாலு ராத்திரி அஞ்சு பகல் தாய்லாந்துன்னு எக்ஸெல் ஷீட்டில் பிளான் போடற மகானுபாவர்களை. அந்தப் பட்டியலில் முதல் பேர் அடியேனோடதுதான், அதனால யாரும் டென்ஷனாக வேண்டாம்.

2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு தாய்லாந்து அரசாங்கம் அறிவிச்சதும் எங்க ஆபீஸில் ஒரு காய்ச்சல் பரவிச்சு. பொட்டி தட்டறவன் ஒவ்வொருத்தனும் கையில் ஒரு பிளானோட அலைஞ்சான். 2024 பிப்ரவரியில் நாங்க அஞ்சு தடிமாடுகள் கிளம்பினோம். எல்லார் பிளானும் ஒரே அச்சு. பாங்காக் ரெண்டு ராத்திரி, பட்டாயா ரெண்டு ராத்திரி. நடுவில் ஒரு நாள் 'க்வாய் நதி டே டூர்'. ஏஜெண்ட் அதில் என்னென்ன வச்சிருந்தார்னா, மிதக்கும் சந்தை, யானை சவாரி, மூங்கில் தெப்பம், அப்புறம் பாலத்தில் இருபது நிமிஷம். பாலத்துக்கு எதுக்குப் போறோம்னு யாருக்கும் தெரியாது. ஏதோ இங்கிலீஷ் படத்தில் வர்ற பாலம்னு கைடு சொன்னார். சரின்னு நானும் தண்டவாளத்து மேல ஏறி நின்னு, ரெண்டு கையையும் விரிச்சு, டைட்டானிக் ஹீரோ மாதிரி ஒரு போட்டோ. ஊருக்கு வந்ததும் குடும்ப வாட்சப் குரூப்பில் போட்டேன். சொந்த செலவில் சூனியம் ஆரம்பிச்சது அங்கேதான்.

ராத்திரி அப்பா போன் பண்ணினார். "ஏம்ப்பா, அது என்ன ரயில் பாலம்?" சொன்னேன். "சயாமா அது?" ஆமாம்ப்பா, தாய்லாந்துக்குப் பழைய பேரு சயாம்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பாயியோட அண்ணன் அங்கதாம்ப்பா போனாரு" அப்படின்னார்.

இங்க கொசுவத்தி கொஞ்சம் சுத்தியாகணும், பொறுத்துக்குங்க. எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். என் அப்பாயிக்கு ஒரு அண்ணன். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். சண்டை வரைக்கும் காயிதமும் பணமும் வந்துச்சாம். அப்புறம் நின்னு போச்சு. சண்டை முடிஞ்சு பல வருஷம் கழிச்சு ஊருக்குத் திரும்பின ஒருத்தர், "அவனை சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பலை"ன்னு சொன்னதோட சரி. செத்த தேதி தெரியாததால திதி கிடையாது. ஆடி அமாவாசைக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும்தான். அப்பாயி சாகிற வரைக்கும், அண்ணன் அங்கேயே ஒரு சயாம்காரியைக் கட்டிக்கிட்டு சொகமா இருப்பார்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இதெல்லாம் சின்ன வயசில் நானும் கேட்டதுதான். ஆனா 'சயாம்'ங்கற வார்த்தையும் என் எக்ஸெல் ஷீட்டில் இருந்த 'தாய்லாந்து'ங்கற வார்த்தையும் ஒரே ஊர்னு என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. இஞ்சினியரிங் டிகிரி வேற!

அதுக்கப்புறம்தான் தேடிப் பிடிச்சுப் படிச்சேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. பர்மாவில் இருந்த அவன் படைக்குச் சாமான் அனுப்பணும், கடல்வழி ஆபத்து. அதனால சயாமில் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலை, காடு, மழை, மலேரியா. 1942 ஜூன் மாச வாக்கில் ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17இல் ரெண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்துடுச்சு. பதினாறு பதினேழு மாசம்! நம்ம ஊர்ல ஒரு மேம்பாலத்துக்கு அவ்வளவு நாளில் பூஜைதான் போட்டிருப்பாங்க. அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிஞ்சதுன்னா, மனுஷனை விறகு மாதிரி எரிச்சாங்க, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அதில் 12,000 பேருக்கு மேல செத்தாங்க. இதை உலகமே பேசுது. ஆசியத் தொழிலாளிகள் அதைப்போல மூணு மடங்காவது இருப்பாங்க. மலாயாத் தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மாக்காரர்கள், ஜாவாக்காரர்கள். இவங்கள்ல 90,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு சொல்றாங்க. 'இருக்கலாம்' மக்களே, 'இருக்கலாம்'! போர்க்கைதிக்குப் பேரு, நம்பரு, கூடவே சிறைப்பட்ட ராணுவ டாக்டர், கணக்கு எழுத ஆபீஸர் எல்லாம் இருந்தது. தோட்டத்துக் கூலிக்கு எதுவும் இல்லை. 1943இல் மழையோட காலரா வந்தப்ப இவங்க முகாம்கள்ல மருந்தும் இல்லை, டாக்டரும் இல்லை, செத்தவனை எண்ண ஆளும் இல்லை.

எப்படிப் போனாங்கன்னு கேட்டா இன்னும் வயிறு எரியும். ரப்பர் ஏற்றுமதி நின்னு, தோட்டத்தில் கூலி நின்னு, அரிசிக்கே திண்டாட்டம். நல்ல சம்பளம், சாப்பாடு, மூணு மாசத்தில் திரும்பிடலாம்னு ஆசை காட்டினாங்க. ஆள் பத்தாதப்ப லாரியில் அள்ளிட்டுப் போனாங்க. இலவசமா சினிமா காட்டறோம்னு கூப்பிட்டு, கதவைச் சாத்தி ரயிலேத்தினதா பிழைச்சு வந்தவங்க சொல்லியிருக்காங்க. சம்பளம்னு கொடுத்தது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. சண்டை முடிஞ்ச அன்னிக்கு அது வெறும் காகிதம்.

இப்ப அந்த 'இங்கிலீஷ் படம்' விஷயத்துக்கு வர்றேன். 1957இல் டேவிட் லீன் எடுத்த படம். ஏழு ஆஸ்கார். விசிலடிச்சுக்கிட்டே வெள்ளைக்காரக் கைதிகள் நடந்து வருவாங்க. படம் எடுத்தது தாய்லாந்தில் இல்லை, இலங்கையில் கித்துல்கலவில். நிஜப் பாலம் நின்ன ஆத்துக்கு அப்ப பேரு மே க்ளோங். படம் பார்த்துட்டு டூரிஸ்டுகள் 'க்வாய் எங்கே'ன்னு வந்து நின்னதும், 1960 வாக்கில் அந்தப் பகுதி ஆத்துக்கே க்வாய் யாய்னு பேரை மாத்திட்டாங்க! டூரிஸ்டுக்காக ஒரு ஆறு பேரை மாத்திக்குது. லட்சக்கணக்கில் உழைச்ச கூலிக்காரன் மட்டும் படத்திலும் இல்லை, டூர் பிளானிலும் இல்லை.

சரி, இப்போதைய கதை. இந்தப் பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேர்த்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு முடிவு பண்ணினேன். ஆபீஸில் சொன்னதும் ஒரு நமட்டுச் சிரிப்பு. "மச்சி, அப்பா அம்மாவோட தாய்லாந்தா?" ஏண்டா, ஏழு கோடி பேர் குடும்பம் குட்டியோட வாழற நாடுடா அது. உங்க புத்தி பட்டாயாவில் ஒரே ஒரு தெருவைத் தாண்டாதா? (இதைப்பத்தித் தனியாவே ஒரு கச்சேரி வச்சுக்கலாம், இன்னிக்கு நேரமில்லை.)

ஏஜெண்ட் இன்னும் மேல. காஞ்சனபுரியில் முழுசா ஒரு நாள் வேணும், யானை வேண்டாம், தெப்பம் வேண்டாம்னேன். "சார், அது கல்லறை சார். ஃபேமிலி யாரும் கேக்க மாட்டாங்க. டைமும் இருக்காது" அப்படின்னார். டைம் இல்லையாம். அவர் அனுப்பின பிளானில் பாங்காக்கில் ஒரு நகைக்கடைக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்கி, பக்கத்தில் 'இலவசம்'னு வேற போட்டிருந்தார். கடைக்குப் போறதுக்குக் கட்டணமா கேப்பாங்க? தூரத்தைப் பாருங்க. பாங்காக்கிலிருந்து பட்டாயா சுமார் 150 கிலோமீட்டர். காஞ்சனபுரி 130தான். கிழக்கே போக டைம் இருக்கு, மேற்கே போக டைம் இல்லை!

நண்பன் ஒருத்தன் வேற மாதிரி மடக்கினான். "லீவுக்குப் போறதே ஜாலியா இருக்கத்தான். அங்க போயும் அழணுமா?" நியாயமான கேள்விதான், நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். ஆனா ராசா, நீ ஹனிமூனுக்கு ஆக்ரா போனியே, தாஜ்மஹால் என்ன கல்யாண மண்டபமா? கல்லறை தானே! அது ஷாஜகான் வீட்டுக் கல்லறைன்னா போட்டோ, நம்ம வீட்டுக் கல்லறைன்னா மூடு அவுட்டா? அஞ்சு நாளில் நாலு நாள் நீ என்ன வேணா பண்ணு. கடல்ல குதி, பாராசூட்ல தொங்கு, மாங்கா சாதத்தைத் தின்னு. (தேங்காய்ப்பாலும் ஒட்டற அரிசியும், அட்டகாசமா இருக்கும்.) நான் கேக்கறது ஒரே ஒரு நாள்.

இன்னொருத்தர், "அவங்க மலேசியாத் தமிழர்கள், அவங்க பாத்துப்பாங்க"ன்னார். மலேசியாவே 1963இல் தான் உருவாச்சு சார். 1943இல் செத்தவன் தஞ்சாவூர்க்காரன், திருச்சிக்காரன், சேலத்துக்காரன். இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கறேன், பாத்துக்கிட்டது அவங்கதான். சயாம் மரண ரயிலை வச்சு நாவல் எழுதினதும் மலேசியாத் தமிழர் ஆர். சண்முகம்தான். நாம பண்ணினது செல்ஃபி.

ஆஸ்திரேலியாக்காரனைப் பாருங்க. ஹெல்ஃபயர் பாஸ்னு ஒரு இடம். கைதிகளும் கூலிகளும் சுத்தியலும் உளியும் வச்சு மலையை வெட்டின கணவாய். ராத்திரி தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமா வேலை செஞ்சதைப் பார்த்தா நரகம் மாதிரி இருந்ததால அந்தப் பேரு. ஆஸ்திரேலிய அரசாங்கம் 1998இல் அங்க ஒரு மியூசியம் திறந்தது. வருஷாவருஷம் ஏப்ரல் 25 விடியக்காலையில் அங்க அஞ்சலி. பேரப்பிள்ளைகள் பீச் ஹாலிடேயை அந்தத் தேதிக்கு ஏத்த மாதிரி பிளான் பண்ணி வர்றாங்க. அவங்களும் ஜாலிப் பேர்வழிகள்தானே, பீர் குடிக்காமலா போறாங்க?

காஞ்சனபுரி ஊருக்குள்ள போர்க்கல்லறை. கிட்டத்தட்ட 7,000 கைதிகள், புல்லைக்கூட சீவி வச்சிருப்பாங்க, பாதிக்கு மேல ஒவ்வொரு கல்லிலும் பேரு, வயசு. நம்ம ஆளுக்கு அங்க ஒரு கல் கிடையாது. ஆனா பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம்னு ஒரு புத்தர் கோயில் இருக்கு. ஊருக்குள்ள தோண்டினப்ப கிடைச்ச ஆயிரக்கணக்கான தொழிலாளிகளோட எலும்புகளை அங்கதான் வச்சிருக்காங்க. தாய்லாந்துத் தமிழர்கள் முன்னின்று 2023 மே மாசம் அந்தக் கோயிலில் ஒரு நடுகல் நட்டாங்க. தமிழக அரசும் அதுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிச்சது. 2024 பிப்ரவரியில் எங்க வேன் அந்த ஊர் வழியாத்தான் போச்சு. வேனில் குத்துப்பாட்டு ஓடிக்கிட்டிருந்தது.

ஏஜெண்டைக் கழட்டி விட்டுட்டேன். பிளான் நானே போட்டாச்சு. பாங்காக்கில் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காலையில் ஒரு ரயில், மதியம் ஒரு ரயில். மூணாங்கிளாஸ், ஏசி கிடையாது, காத்து பிச்சுக்கிட்டு வரும். மூணு மணி நேரத்துக்குள்ள காஞ்சனபுரி. அதே ரயில் பாலத்தைத் தாண்டி நாம் டோக் வரைக்கும் போகுது, பழைய பாதையில் மிச்சம் ஓடறது அதுவரைக்கும்தான். நடுவில் வாம்போவில் பாறையை ஒட்டி, ஆத்துக்கு மேல, மரக்கால் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். அங்க சன்னலோரம் அப்பாவுக்கு. காலைல காஞ்சனபுரியில் எறங்கி கல்லறையும் கோயிலும், மறுநாள் காரில் ஹெல்ஃபயர் பாஸ். கணவாய்க்குள்ள எறங்கப் படி நிறைய. அம்மாவுக்கு மூட்டுவலி, மேல மியூசியத்தில் உக்காரட்டும். ஒரு நாள்னு ஆரம்பிச்சு ஒண்ணரை நாள் ஆயிடுச்சு, பட்டாயாவை வெட்டிட்டேன். அம்மாவுக்கு பாங்காக் சீலோம் ரோட்டு மாரியம்மன் கோயில். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்க போன தமிழர்கள் கட்டினது. ஏஜெண்ட் பிளானில் அதுவும் இல்லைங்கறதைச் சொல்லத் தேவையில்லை.

டிக்கெட் போட்டாச்சு, லீவுக்கு டமேஜர் கையெழுத்தும் வாங்கியாச்சு. நேத்து அப்பா போன் பண்ணி, அங்க ஆத்துல எறங்கிக் குளிக்க விடுவாங்களான்னு கேட்டார். எதுக்குப்பான்னேன். ஒரு பிடி எள்ளு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன் உங்கம்மாகிட்ட, அப்படின்னார்.